இடுப்புப் பகுதி எம்ஆர்ஐ: சீட்டு வாங்குவது முதல் அறிக்கையைப் படிப்பது வரை

மருத்துவர் எழுதிக் கொடுக்கும் சீட்டில் பெரும்பாலும் ‘எம்ஆர்ஐ பெல்விஸ்’ என்று இரண்டே சொற்கள் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு ஸ்கேன் மையத்துக்குப் போகிறவர், சர்க்கரைக்கும் உப்புக்கும் இரத்தம் எடுப்பதைப் போல இதுவும் எல்லோருக்கும் ஒரே மாதிரியாகச் செய்யப்படும் சோதனை என்றுதான் நினைப்பார். ஆனால் பவுத்திரத்துக்காக எடுக்கும் படம் ஒரு விதம், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்காக எடுப்பது இன்னொரு விதம், புரோஸ்டேட் சுரப்பிக்காக எடுப்பது வேறொரு விதம். கருவி ஒன்றுதான் என்றாலும், எந்தச் சாய்வில் படங்களை எடுப்பது, எவ்வளவு மெல்லிய அடுக்குகளாக எடுப்பது, நரம்பில் மருந்து செலுத்துவதா வேண்டாமா என்பதெல்லாம் மருத்துவர் எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறார் என்பதைப் பொறுத்தே முடிவாகின்றன. கேள்வி தெரியாமல் எடுத்த படத்தில் விடையும் சரியாகக் கிடைப்பதில்லை. முதன்முறையாக இந்த ஸ்கேனுக்குப் போகிறவர்கள் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

முதல் வேலை: கேள்வியைக் கேட்டு வாங்குங்கள்

சீட்டைக் கையில் வாங்கியதும், “டாக்டர், இந்த ஸ்கேனில் எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். எந்த நல்ல மருத்துவரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். அவர் சொல்லும் விடை சீட்டிலேயே ஒரு வரியாக இருக்க வேண்டும். ‘மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கு, கருப்பையில் கட்டிகள், அறுவைக்கு முன் இடம் அறிய’ என்றோ, ‘ஆசனவாய் அருகே மீண்டும் மீண்டும் சீழ், பவுத்திரப் பாதை அறிய’ என்றோ, ‘பிஎஸ்ஏ (புரோஸ்டேட் சுரப்பி சுரக்கும் ஒரு புரதம்) அளவு கூடியுள்ளது’ என்றோ ஒரே ஒரு வரி இருந்தால் போதும். ஸ்கேன் மையத்தின் கதிரியக்கவியல் மருத்துவர் அதைப் படித்துவிட்டுத்தான் எந்த முறையில் படம் எடுப்பது என்று தீர்மானிப்பார்.

என் நெருங்கிய உறவினர் ஒருவருக்குப் பவுத்திரத்துக்காக எழுதிய சீட்டில் அந்தச் சொல்லே விடுபட்டிருந்தது. பொதுவான முறையில் எடுத்த படத்தில் ஆசனவாய்ப் பகுதி ஓரத்தில் இரண்டு மூன்று அடுக்குகளில் மட்டும் வந்து போயிற்று. அறிக்கையில் ‘குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை’ என்று எழுதிவிட்டார்கள். அறுவை மருத்துவர் திருப்பி அனுப்ப, இரண்டாவது முறையும் பணம் கட்டிப் படுக்க வேண்டியதாயிற்று. ஒரு வரி எழுதியிருந்தால் அந்தச் செலவும் மூன்று வார வலியும் இல்லாமல் போயிருக்கும்.

முன்பு எடுத்த அல்ட்ராசவுண்டு, சிடி ஸ்கேன், திசு ஆய்வு முடிவு, அறுவை செய்திருந்தால் அதன் விடுவிப்புச் சுருக்கம் ஆகியவற்றையும் கையோடு கொண்டு செல்லுங்கள். கருப்பையை ஏற்கெனவே எடுத்தாகிவிட்டதா, ஒரு சினைப்பை மட்டும் இருக்கிறதா, கதிர்வீச்சுச் சிகிச்சை நடந்ததா என்பதெல்லாம் படம் பார்ப்பவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். பெண்கள் கடைசி மாதவிடாய் தொடங்கிய தேதியையும் சொல்ல வேண்டும். கருப்பைச் சுவரின் தோற்றம் மாதச் சுழற்சியோடு மாறுவதால், தேதி தெரியாமல் பார்க்கும்போது இயல்பான தடிப்பும் நோயைப் போலத் தோன்றலாம்.

எம்ஆர்ஐ எதைப் பார்க்கிறது

இந்தக் கருவியில் எக்ஸ் கதிர் இல்லை. பெரிய காந்தத்துக்குள் உடலைக் கிடத்தி, வானொலி அலைகளைச் செலுத்தி, உடலில் உள்ள நீரிலும் கொழுப்பிலும் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்கள் திருப்பித் தரும் சைகைகளைக் கொண்டு படம் வரைகிறது. இந்த முறையை உருவாக்கியதற்காக பால் லாட்டர்பர், பீட்டர் மேன்ஸ்ஃபீல்டு இருவருக்கும் 2003இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. காந்தத்தின் வலிமையை டெஸ்லா என்ற அலகில் அளக்கிறார்கள்; நம் ஊர் மையங்களில் இருப்பவை பெரும்பாலும் 1.5 டெஸ்லா அல்லது 3 டெஸ்லா கருவிகள். 1.5 டெஸ்லா என்பது நாம் நிற்கும் இடத்தில் பூமியின் காந்தப்புலம் இருக்கும் அளவைப் போல 30,000 மடங்குக்கும் மேல். அந்த அளவைப் பாதுகாப்பு பற்றிப் பேசும்போது மீண்டும் நினைவுபடுத்திக்கொள்வோம்.

இடுப்பெலும்புகளுக்கு நடுவே சிறுநீர்ப்பை, மலக்குடல், பெண்களுக்குக் கருப்பையும் சினைப்பைகளும், ஆண்களுக்குப் புரோஸ்டேட் சுரப்பி ஆகியவை ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நெருக்கமாக இருக்கின்றன. இவை யாவும் மென்மையான திசுக்கள் என்பதால் சிடி ஸ்கேனில் பெரும்பாலும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். எம்ஆர்ஐ இவற்றை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டும். டி2 என்னும் வகைப் படத்தில் கருப்பையைப் பார்த்தால், நடுவில் வெளிர்ந்த உள்வரி, அதைச் சுற்றிக் கருமையான ஒரு வளையம், அதற்கு வெளியே சாம்பல் நிறத் தசை என மூன்று அடுக்குகளும் தனித்தனியாகத் தெரியும். பல நோய்களைக் கண்டுபிடிப்பதே, இந்த அடுக்குகளில் எது எங்கே குலைந்திருக்கிறது என்று பார்ப்பதுதான்.

ஒரே இடத்தை வெவ்வேறு வகைப் படங்களாக எடுப்பதற்கும் காரணம் உண்டு. டி2 படத்தில் நீர் வெண்மையாகத் தெரியும். டி1 படத்தில் கொழுப்பும், உறைந்து பழையதான இரத்தமும் வெண்மையாகத் தெரியும். சினைப்பையில் உள்ள ஒரு கட்டி டி1 படத்தில் வெண்மையாக இருந்தால் அது பழைய இரத்தம் தேங்கிய ‘சாக்லேட் சிஸ்ட்’டாக இருக்கலாம், கொழுப்பும் முடியும் கொண்ட டெர்மாய்டு கட்டியாகவும் இருக்கலாம். கொழுப்பின் சைகையை மட்டும் அடக்கி அதே படத்தை மறுபடி எடுத்தால், டெர்மாய்டு கருத்துவிடும், சாக்லேட் சிஸ்ட் வெண்மையாகவே நிற்கும். கத்தி வைக்காமல், ஊசி குத்தாமல் இவ்வளவு உறுதியாக ஒரு கட்டியின் உள்ளிருப்பைச் சொல்ல முடிவது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் விஷயம். இவை தவிர, திசுவுக்குள் நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக அசைகின்றன என்று பார்க்கும் டிஃப்யூஷன் படமும் உண்டு. உயிரணுக்கள் நெருக்கி அடைந்திருக்கும் புற்றுக் கட்டியிலும் கெட்டியான சீழிலும் அந்த அசைவு தடைபடும்; அந்த இடம் படத்தில் பளிச்சென்று தெரியும்.

பெண்களுக்கு எதற்காக எழுதுகிறார்கள்

பெண்களுக்கு முதலில் செய்யப்படுவது அல்ட்ராசவுண்டுதான். அப்படித்தான் இருக்கவும் வேண்டும். அதில் தெளிவு கிடைக்காதபோது, அல்லது சிகிச்சை முடிவுக்கு மேலும் நுட்பமான தகவல் தேவைப்படும்போது எம்ஆர்ஐ வருகிறது. நார்க்கட்டி எனப்படும் ஃபைப்ராய்டுகள் பல இருக்கும் கருப்பையில், எது உள்வரியை நோக்கிப் பிதுங்குகிறது, எது தசைக்குள் இருக்கிறது, எது வெளிப்புறம் தொங்குகிறது என்று ஒவ்வொன்றின் இடத்தையும் அளவையும் எம்ஆர்ஐ குறித்துக் கொடுக்கும். கட்டியை மட்டும் நீக்கிக் கருப்பையைக் காப்பாற்ற விரும்பும் பெண்ணுக்கு இந்த வரைபடம் இல்லாமல் அறுவைக்குப் போவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதற்குச் சமம். அதே இரத்தப்போக்கு, அதே வலிக்குக் காரணமாக, கருப்பையின் உள்வரித் திசு தசைக்குள் புகுந்து வளரும் அடினோமயோசிஸ் இருந்தால், தனிக் கட்டியாக எதுவும் இருக்காது. மேலே சொன்ன கருமையான வளையம் தடித்திருக்கும். அது 12 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் அடினோமயோசிஸ் என்பதற்கு வலுவான சான்றாகக் கொள்கிறார்கள். இரண்டுக்கும் சிகிச்சை வழி வேறு என்பதால், இந்த வேறுபாடு கருப்பையை எடுப்பதா வைத்துக்கொள்வதா என்ற முடிவைத் தொடுகிறது.

கருப்பை உள்வரியைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் நோயில் மாதந்தோறும் வரும் வலியை ‘எல்லாருக்கும் இருப்பதுதான்’ என்று வீட்டிலும் சில நேரம் மருத்துவமனையிலும் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆழமாகப் பரவிய எண்டோமெட்ரியோசிஸ் கருப்பைக்குப் பின்புறமுள்ள நாண்களிலும் மலக்குடலின் சுவரிலும் சிறுநீர்ப்பையிலும் தடிப்பாகவும் இழுப்பாகவும் எம்ஆர்ஐயில் தெரியக்கூடும். இரண்டு சினைப்பைகளும் கருப்பைக்குப் பின்னால் ஒன்றையொன்று ஒட்டிக் கிடந்தால் அதுவும் ஒரு தடயம். ஆனால் வயிற்றின் உள்சவ்வில் மெல்லிய புள்ளிகளாகப் படிந்திருக்கும் தொடக்க நிலை நோய் எம்ஆர்ஐயில் தெரியாமலே போகலாம். எனவே ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்பதால் அந்தப் பெண்ணின் வலி பொய் ஆகிவிடாது. இதை நோயாளியும் குடும்பத்தாரும் மனத்தில் வைக்க வேண்டும் என்று நான் மிகவும் விரும்புகிறேன்.

கருப்பை வாய்ப் புற்றுநோயில் எம்ஆர்ஐயின் பங்கு பெரிது. நோய் இருக்கிறது என்பதைத் திசு ஆய்வு சொல்லிவிடும். அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை எம்ஆர்ஐ சொல்லும். பன்னாட்டு மகப்பேறு, மகளிர் மருத்துவக் கூட்டமைப்பு 2018இல் திருத்திய நிலை வகைப்பாட்டில், மருத்துவரின் கைப்பரிசோதனையோடு ஸ்கேன் முடிவுகளையும் கணக்கில் எடுத்துக்கொள்ள இடம் தந்தது. கட்டி 2 சென்டிமீட்டருக்குக் குறைவா, 4 சென்டிமீட்டரை எட்டிவிட்டதா, கருப்பை வாயைச் சுற்றியுள்ள திசுவுக்குள் நுழைந்துவிட்டதா, நிணநீர்க் கணுக்கள் பெருத்துள்ளனவா, சிறுநீர்ப்பையையோ மலக்குடலையோ தொட்டுவிட்டதா என்ற கேள்விகளுக்கு வரிசையாக விடை கிடைக்கும். கருப்பை வாய்க்குள் அடங்கிய சிறிய கட்டி என்றால் பொதுவாக அறுவையும், 4 சென்டிமீட்டரை எட்டியதோ சுற்றுத் திசுவுக்குள் நுழைந்ததோ ஆனால் பொதுவாகக் கதிர்வீச்சும் அதனோடு மருந்தும் என்று வழி பிரிகிறது. தவறான வழியில் போனால், அறுவையும் செய்து அதன்பின் கதிர்வீச்சும் வாங்கி இரட்டைத் துன்பம் படவேண்டி வரும். கருப்பை உள்வரிப் புற்றுநோயிலும் இதே போன்ற ஒரு கேள்விதான்: கட்டி தசையின் பாதித் தடிமனுக்குள் நிற்கிறதா, அதைத் தாண்டிவிட்டதா?

சினைப்பைக் கட்டிகளுக்கு ஓ-ராட்ஸ் என்ற மதிப்பெண் முறை உண்டு. எம்ஆர்ஐக்கான அந்த முறையில் 2 என்றால் புற்றுநோய்க்கான வாய்ப்பு 0.5 சதவீதத்துக்கும் குறைவு, 3 என்றால் ஏறக்குறைய 5 சதவீதம், 4 என்றால் ஏறக்குறைய 50 சதவீதம், 5 என்றால் ஏறக்குறைய 90 சதவீதம். அறிக்கையில் இந்த எண் இருந்தால் மருத்துவரிடம் பேசுவது எளிதாகும். பிறவியிலேயே கருப்பையின் நடுவே தடுப்புச் சுவர் இருப்பது, இரண்டாகப் பிரிந்திருப்பது போன்றவற்றையும் எம்ஆர்ஐ வேறுபடுத்திக் காட்டும். திரும்பத் திரும்பக் கரு கலைகிறவர்களுக்கு இது முக்கியம். முந்தைய சிசேரியன் தழும்பில் நச்சுக்கொடி ஆழமாக வேரூன்றிவிட்டதோ என்ற ஐயம் இருக்கும்போது கர்ப்பிணிகளுக்கும் எடுப்பதுண்டு.

ஆண்களுக்கும், இருபாலருக்கும்

இரத்தத்தில் பிஎஸ்ஏ அளவு கூடியிருந்தால், முன்பெல்லாம் நேராகப் புரோஸ்டேட் திசு ஆய்வுக்குப் போவார்கள். சுரப்பியில் கண்மூடித்தனமாகப் பத்துப் பன்னிரண்டு இடங்களில் ஊசி குத்துவார்கள். இப்போது எம்ஆர்ஐ முன்னால் வந்துவிட்டது. 500 ஆண்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2018இல் வெளியான ‘பிரிசிஷன்’ ஆய்வில், முதலில் எம்ஆர்ஐ எடுத்த குழுவில் 28 சதவீதத்தினருக்கு ஊசியே தேவைப்படவில்லை. சிகிச்சை தேவைப்படும் புற்றுநோயும் அந்தக் குழுவில்தான் கூடுதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது: பழைய முறையில் 26 சதவீதம், எம்ஆர்ஐ முறையில் 38 சதவீதம். அறிக்கையில் பை-ராட்ஸ் என்று 1 முதல் 5 வரை ஓர் எண் இருக்கும். 1, 2 என்றால் கவலைக்குரிய புற்றுநோய் இருக்க வாய்ப்புக் குறைவு. 4, 5 என்றால் வாய்ப்பு அதிகம். 3 என்பது நடுவில். ஏற்கெனவே ஊசி ஆய்வு செய்திருந்தால், உள்ளே கசிந்த இரத்தம் படத்தைக் குழப்பும் என்பதால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து எடுப்பது நல்லது.

பவுத்திரத்துக்கு இதைவிடச் சிறந்த படம் இல்லை. வெளியே தெரியும் துளை ஒன்றாக இருக்கும்; உள்ளே பாதை இரண்டாகப் பிரிந்து, மலத்தை அடக்கும் சுருக்குத் தசையை ஊடுருவி, மேலே சீழ்ப்பையில் போய் முடிந்திருக்கும். அறுவையில் ஒரு கிளையை விட்டுவிட்டால் நோய் திரும்ப வரும். தசையைத் தேவைக்கு மேல் வெட்டிவிட்டால் மலம் அடக்க முடியாமல் போகும். பாதை தசைகளுக்கு இடையில் போகிறதா, தசையைத் துளைத்துப் போகிறதா, அதற்கு மேலே ஏறி இறங்குகிறதா என்று எம்ஆர்ஐ அறிக்கை சொல்லும். உட்துளை இருக்கும் இடத்தைக் கடிகார முள்ளைப் போல ‘ஆறு மணி’, ‘ஒரு மணி’ என்று குறிப்பார்கள். மல்லாந்து படுத்திருப்பவரின் முன்புறம் பன்னிரண்டு மணி, முதுகுப்புறம் ஆறு மணி.

மலக்குடல் புற்றுநோயில், குடலைச் சுற்றியுள்ள கொழுப்பும் அதை மூடிய மெல்லிய உறையும் எம்ஆர்ஐயில் கோடு போட்டதுபோல் தெரியும். அறுவை மருத்துவர் வெட்டப் போவது அந்த உறையை ஒட்டித்தான். கட்டிக்கும் உறைக்கும் இடையே 1 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ இருந்தால், முதலில் கதிர்வீச்சும் மருந்தும் கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டு அறுவைக்குப் போவார்கள். அப்போது மறுபடியும் ஒரு எம்ஆர்ஐ எடுக்கப்படும். சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் கட்டி தசைக்குள் இறங்கிவிட்டதா என்று பார்க்கவும் எம்ஆர்ஐ பயன்படுகிறது.

எலும்பையும் மறந்துவிடக் கூடாது. இரத்த ஓட்டம் குறைந்து தொடை எலும்பின் தலை சிதையத் தொடங்கும் நோயில், எக்ஸ்ரே சரியாக இருக்கும் காலத்திலேயே எம்ஆர்ஐ காட்டிக்கொடுக்கும். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கும் மிகுதியாகக் குடிப்பவர்களுக்கும் இடுப்பு மூட்டு வலித்தால் இதை நினைக்க வேண்டும். காலையில் எழுந்ததும் முதுகும் இடுப்பும் அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்துப்போகும் இளைஞருக்கு, இடுப்பெலும்பின் பின்மூட்டில் உள்ள அழற்சியும் இப்படித்தான் முன்கூட்டியே தெரியவரும். கீழே விழுந்த முதியவருக்கு எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமல், ஆனால் காலூன்ற முடியாமல் இருந்தாலும் எம்ஆர்ஐ விடை தரும்.

காட்டாதவை

சிறுநீரகப் பாதையில் உள்ள கல்லைத் தேட இது சரியான ஸ்கேன் அல்ல. சிடி ஸ்கேன்தான் தேவை. கருக்குழாய் அடைத்திருக்கிறதா என்பதை வழக்கமான எம்ஆர்ஐ சொல்லாது; அதற்குத் தனிச் சோதனை உண்டு. கருப்பை வாயில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்களும் நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் மிகத் தொடக்க நிலைப் புற்றும் எம்ஆர்ஐயில் தெரியாது. எனவே ‘எம்ஆர்ஐயே எடுத்துவிட்டேன்’ என்று, கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே அறியச் செய்யும் பாப் ஸ்மியரையோ ஹெச்பிவி சோதனையையோ தவிர்க்கக் கூடாது. ஒரு கட்டி புற்றுநோய்தான் என்ற இறுதிச் சொல்லும் திசு ஆய்வுக்கே உரியது.

காந்த அறைக்குள் போகுமுன்

அந்தக் காந்தம் எந்நேரமும் இயங்கிக்கொண்டே இருக்கும். படம் எடுக்காத நேரத்திலும் அதன் இழுவை குறையாது. 2018 ஜனவரியில் மும்பையில் ஒரு மருத்துவமனையில், ஆக்சிஜன் சிலிண்டரோடு உள்ளே சென்ற உறவினர் ஒருவர் காந்தத்தால் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். நோயாளியோடு துணைக்குப் போகிறவருக்கும் எல்லா விதிகளும் பொருந்தும்.

உடலுக்குள் இருப்பவற்றை முதலில் சொல்லுங்கள். பேஸ்மேக்கர், மூளை இரத்தக் குழாயில் வைத்த கிளிப், காதுக்குள் பொருத்திய காக்ளியர் கருவி ஆகியவை இருந்தால் அதன் அட்டையைக் காட்டி, அந்த வகை எம்ஆர்ஐக்கு ஏற்றதுதானா என்று உறுதி செய்த பிறகே உள்ளே போக வேண்டும். லேத் பட்டறையிலோ வெல்டிங் வேலையிலோ இருந்து கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள் தெறித்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள். முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். நம் நாட்டில் போடப்படும் காப்பர்-டி, குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையில் போட்ட வளையம், இன்றைய இதய ஸ்டென்ட் ஆகியவை பெரும்பாலும் தடையாக இருப்பதில்லை. ஆனாலும் சொல்லிவிடுவது முறை. செயற்கை இடுப்பு மூட்டு இருந்தாலும் எடுக்கலாம்; அதன் அருகில் படம் சிதைந்து தெரியும்.

உடலுக்கு மேல் இருப்பவற்றில் நம் பெண்கள் மறப்பது தாலிச் சங்கிலியில் கோத்து வைத்திருக்கும் ஊக்குகளை. தங்கத்தைக் காந்தம் இழுக்காது; ஊக்கு இரும்பு, அது பறக்கும். தாலியைக் கழற்ற மனம் வராதவர்கள் முன்னதாகவே மஞ்சள் கயிற்றில் மாற்றிக்கொண்டு வரலாம். கயிற்றில் உலோகக் குண்டுகள் இருந்தால் மையத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். மெட்டி, மூக்குத்தி, கொண்டை ஊசி, தாயத்து, கொலுசு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவது பாதுகாப்பு. இடுப்புப் பகுதி ஸ்கேனுக்கு வெள்ளி அரைஞாணைக் கழற்றுவது மிக முக்கியம்: படம் எடுக்க வேண்டிய இடத்துக்கு நேர் மேலேயே அது கிடக்கும், சூடேறவும் செய்யலாம், படத்தையும் கெடுக்கும். ஜரிகைச் சேலையும் கொக்கி வைத்த உள்ளாடையும் வேண்டாம். மையத்தில் தரும் உடைக்கு மாறிவிடுங்கள். கைபேசி, ஏடிஎம் அட்டை, சாவி, காது கேட்கும் கருவி, கழற்றும் பல்செட் எல்லாம் வெளியே.

முந்தைய நாளும் அன்றைய காலையும்

குடல் அசைந்துகொண்டிருந்தால் படம் மங்கும் என்பதால், நான்கிலிருந்து ஆறு மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்வார்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்கள், அன்று காலை ஊசி எவ்வளவு என்பதைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, கூடுமானவரை காலை நேரத்தையே கேட்டு வாங்குங்கள். மலம் கழித்துவிட்டு வருவது நல்லது. சிறுநீர்ப்பை பாதியளவு நிறைந்திருந்தால் போதும். முட்ட முட்ட நிறைத்துக்கொண்டு படுத்தால் முக்கால் மணி நேரம் அசையாமல் இருக்க முடியாது. குடல் அசைவை நிறுத்த ஹயோசின் ஊசி போடுவதுண்டு. கண்ணில் நீரழுத்த நோய் (கிளாக்கோமா), இதயப் படபடப்பு, சிறுநீர் தடைபடும் தொல்லை ஆகியவை உள்ளவர்கள் முன்பே சொல்ல வேண்டும். ஊசிக்குப் பின் சிறிது நேரம் வாய் உலரும், பார்வை மங்கும். எனவே இருசக்கர வண்டியை ஓட்டிக்கொண்டு தனியாக வராதீர்கள்.

கான்ட்ராஸ்ட் எனப்படும் கடோலினியம் மருந்து எல்லோருக்கும் தேவைப்படாது. மலக்குடல் புற்றின் நிலை அறியவும், தொடை எலும்பின் தலையைப் பார்க்கவும் பொதுவாக அது இல்லாமலே போதும்; சினைப்பைக் கட்டியின் தன்மை அறிய அது மிகவும் உதவும். சிறுநீரகம் பலவீனமாக உள்ளவர்கள் கிரியாட்டினின் இரத்தச் சோதனை முடிவைக் கொண்டு செல்ல வேண்டும். சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் காட்டும் ஈஜிஎஃப்ஆர் அளவு 30க்குக் கீழ் இருந்தால் மருந்தின் வகையையும் தேவையையும் மருத்துவர் எடைபோட்டுத்தான் முடிவு செய்வார். சிடி ஸ்கேனில் போடும் அயோடின் மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாது என்று பொருள் இல்லை. இரண்டும் வேறு வேறு மருந்துகள். கர்ப்பிணிகளுக்குக் கடோலினியத்தைத் தவிர்ப்பார்கள். பாலூட்டும் தாய்மார்களின் பாலில் கலக்கும் அளவு மிக மிகச் சொற்பம். பாலூட்டுவதை நிறுத்த வேண்டியதில்லை.

உள்ளே

மல்லாந்து படுக்க வைத்து, இடுப்பின் மேல் சைகைகளைப் பிடிக்கும் ‘காயில்’ என்ற கவசம் போன்ற ஒன்றை வைத்துக் கட்டுவார்கள். காதுக்குப் பஞ்சோ ஒலித்தடுப்போ தருவார்கள். கட்டாயம் கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம் விட்டு விட்டு வரும். அந்தச் சத்தம் கருவி பழுதானதால் வருவதில்லை. படம் எடுக்கும்போது அப்படித்தான் ஒலிக்கும். கையில் ஒரு ரப்பர்க் குமிழ் இருக்கும். மூச்சு முட்டுவதுபோல் இருந்தால் அழுத்தினால் உடனே பேசுவார்கள். அடைபட்ட இடம் என்றால் அஞ்சுகிறவர்கள், கால் முதலில் உள்ளே போகும்படி எடுக்க முடியுமா என்று கேட்கலாம். இடுப்பு ஸ்கேனில் பல கருவிகளில் அது இயலும், அப்போது தலை வாயிலுக்கு அருகில் இருக்கும். மொத்தம் அரை மணி முதல் முக்கால் மணி நேரம். இயல்பாக மூச்சு விடலாம். இடுப்பை மட்டும் அசைக்கக் கூடாது. இருமல் வந்தால் சத்தம் நிற்கும் இடைவெளியில் இருமிக்கொள்ளுங்கள்.

அறிக்கை கைக்கு வந்ததும்

அறிக்கையில் கடைசியில் இருக்கும் ‘இம்ப்ரெஷன்’ பகுதியை முதலில் படியுங்கள். மருத்துவர் கேட்ட கேள்விக்கு அங்கே விடை இருக்கிறதா என்று பாருங்கள். பவுத்திரம் என்று கேட்டிருந்து, உட்துளை எத்தனை மணி இடத்தில், தசையை எப்படிக் கடக்கிறது என்ற விவரம் இல்லையென்றால், மையத்திலேயே சொல்லித் திருத்தி வாங்க உங்களுக்கு உரிமை உண்டு.

‘ஹைப்பர்இன்டென்ஸ்’ என்றால் வெண்மையாகத் தெரிகிறது, ‘ஹைப்போஇன்டென்ஸ்’ என்றால் கருமையாகத் தெரிகிறது என்பதுதான் பொருள்; இவை நோயின் பெயர்கள் இல்லை. ‘ரெஸ்ட்ரிக்டட் டிஃப்யூஷன்’ என்ற சொல் பயமுறுத்தும். அது புற்றில் மட்டுமின்றிச் சீழிலும், சில இயல்பான திசுக்களிலும் வரும். கருப்பை வாயில் ‘நபோதியன் சிஸ்ட்’, மாதவிடாய் வரும் பெண்ணின் சினைப்பையில் 3 சென்டிமீட்டர் வரையுள்ள சாதாரண நீர்ப்பை, கருப்பைக்குப் பின்னால் சிறிதளவு நீர், பின்பக்கம் சாய்ந்த கருப்பை, முதுகெலும்பின் அடியில் ‘டார்லவ் சிஸ்ட்’ ஆகியவை பெரும்பாலும் தொல்லையில்லாத கண்டுபிடிப்புகள். படம் துல்லியமாக இருப்பதால் தேடாததும் கண்ணில் பட்டுவிடுகிறது. அதற்காக ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை தேடி அலைய வேண்டாம்.

எழுத்து அறிக்கையோடு படங்கள் அடங்கிய குறுந்தகட்டையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஃபிலிமில் நூற்றுக்கணக்கான படங்களில் சிலவற்றைத்தான் அச்சிட முடியும்; இரண்டாவது மருத்துவரிடம் கருத்துக் கேட்கவும், ஓராண்டு கழித்து எடுக்கும் ஸ்கேனோடு ஒப்பிடவும் முழுப் படத் தொகுப்பு தேவை. செலவு பெரிதாகத் தோன்றினால், தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் எம்ஆர்ஐ மையங்களில் தனியாரைவிடக் குறைந்த கட்டணமே வாங்குகிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் தங்கள் நோய்க்கான தொகுப்பில் ஸ்கேனும் அடங்குமா என்று அங்குள்ள காப்பீட்டு மேசையில் முதலிலேயே கேட்டுக்கொள்ளலாம். அங்கே போகும்போதும் சீட்டில் அந்த ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.